சக்கரத்தடியில் நான்கு எலுமிச்சை

கொல்கத்தாவுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வர.

என் தங்கை செல்வியின் கணவர் சண்முகத்துக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. பல வருடம் அங்கே இருந்துவிட்டுத் தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கியிருந்தார். சாமான்கள் லாரியில், தங்கையும் மகளும் ரயிலில், டீசல் வண்டி மட்டும் சாலை வழியாக என்று முடிவு. அவ்வளவு தூரத்தை ஒற்றை ஆளாக ஓட்ட முடியாதென்று மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். திருச்சியில் எனக்கு மளிகைக் கடை. சரக்கு வேனை நானே ஓட்டுகிறவன். துர்கா பூஜை முடிந்ததும் கிளம்புவதாகத் திட்டம். பூஜையையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று ஒரு வாரம் முன்னதாகவே போய் இறங்கினேன். அந்த வாரம் முடிந்த விதம் வேறு. ஆனால் ஆரம்பம் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஹவுரா ஸ்டேஷன் வாசலில்தான் அந்த வண்டியை முதன்முதலாக நேரில் பார்த்தேன். போட்டோவில் பார்த்ததைவிட உயரம் அதிகம், நீளம் குறைவு. ஜீப்புக்கும் காருக்கும் சம்பந்தம் பேசிக் கல்யாணம் செய்துவைத்துப் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. முதுகில் ஒரு ஸ்டெப்னி டயர். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பலகை சீட்.

“மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு இது எதுக்கு மாப்ள?” என்றேன்.

“மழைக்காலத்துல வந்திருந்தீங்கன்னா இப்படிக் கேட்டிருக்க மாட்டீங்க மச்சான். ஏறுங்க.”

ஏறுவதுதான் பெரும்பாடு. எனக்கு முட்டிவலி. ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த காலுக்கு வழி தெரியாமல் தொங்கினேன். சண்முகம் சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்து ஒரு மர ஸ்டூலை எடுத்துப் போட்டார். கால் வைத்து வைத்து நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“இது பௌதியோட ஸ்டூல். வண்டியிலயே கிடக்கும். இன்னைக்கு உங்களுக்கு உதவிச்சு.”

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. பக்கத்து வீட்டுக் கல்பனா பௌதியைத்தான் சொன்னார் என்பது சாயங்காலம் தெரிந்தது.

டீசல் வண்டிக்கு அவசரம் ஆகாது. சாவியைத் திருப்பி, ஆரஞ்சு விளக்கு அணைகிற வரைக்கும் சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரு உதறல், ஒரு இருமல், ஒரு கொத்துப் புகை. ஹவுரா பாலத்தில் ஏறினோம். தலையில் கூடை, தோளில் மூட்டை, கைவண்டி, பஸ், மறுபடியும் கூடை என்று ஒரு நகரமே நடந்து கடந்துகொண்டிருந்தது. எங்கள் திருச்சியில் காவிரிப் பாலத்தில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தாலே நான் ஹாரனை விடமாட்டேன். இங்கே ஹாரன் அடித்தால் யாரும் திரும்பக்கூட இல்லை. ஒரு மஞ்சள் டாக்ஸிக்காரர் மட்டும் ஜன்னலில் தலை நீட்டி ஏதோ கத்தினார். பின் சீட்டிலிருந்த என் மருமகள் தேன்மொழி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“என்னடி சொல்றான்?”

“யானையை வீட்ல கட்டிப்போட்டுட்டு வரக்கூடாதான்னு கேக்கறார் மாமா.”

டாலிகஞ்சில் அவர்கள் குடியிருந்த சந்து, வண்டியைவிட இரண்டு சாண் அகலம், அவ்வளவுதான். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, ஒரு பக்கம் தேன்மொழி இறங்கிக் கை காட்ட, மறுபக்கம் யாரோ ஒரு பெரியவர் குடையால் வழிகாட்ட, சுவரைத் தடவித் தடவி உள்ளே போனோம். அந்தப் பெரியவர்தான் சுபீர்தா. பக்கத்து வீட்டுக்காரர். சினிமா ஸ்டுடியோ ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் இல்லை. வண்டி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் குடை காட்டுவது அவர் உத்தியோகம். மழை வெயில் எதுவும் இல்லாவிட்டாலும் அதற்காகவே குடையோடு வருவார்.

நான் குளித்து முடிப்பதற்குள் அவர் மனைவி கல்பனா பௌதி வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, பெரிய பொட்டு, பேச்சுக்கு நடுவில் சின்னதாக ஒரு விசில். இழுப்பு நோய்க்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பௌதியை ஜேட்டிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடுகிற தேன்மொழி மொழிபெயர்த்தாள்.

“என்னோட வண்டியைத் தூக்கிட்டுப் போக வந்த திருடன் இவன்தானான்னு கேக்கறாங்க ஜேட்டிமா.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காபி கலக்கப் போனாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் விளங்கியது. பூஜை விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். தேன்மொழியைப் பள்ளிக்கு விடக் கிளம்பினால், வாசலில் அவளோடு போக ஆறேழு பிள்ளைகள் நின்றார்கள். பலகை சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வங்காளத்தில் ஒரே சத்தம். தேன்மொழியை அந்தத் தெருவில் யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. மௌ. பேரில் தேன் இருக்கிறது என்று தெரிந்ததும் தேன் என்ற பொருளில் பௌதி வைத்த செல்லப்பெயர். மௌ என்றால் திரும்புவாள். தேன்மொழி என்றால் யாரையோ கூப்பிடுவதாக நினைத்து இரண்டாம் தடவைக்குத்தான் திரும்புவாள்.

பள்ளியிலிருந்து மார்க்கெட். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்துச் சாமான். புரட்டாசியில் நான் கவிச்சி தொடுவதில்லை. இங்கே பூஜை என்றாலே ஆட்டுக்கறியும் இலிஷ் மீனும்தான். யாரோ ஒருவருக்காக வாங்கிய இலிஷ் மீன் என் காலடியில் பையோடு பயணம் செய்தது. வண்டியின் மிதியடி, சீட் துணி, ஏன், ஸ்டீயரிங்கிலேயே அந்த வாசம் ஊறிக் கிடந்தது. அதற்கப்புறம் சண்முகத்தைத் துறைமுகத்தில் விட்டோம். லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் அந்தச் சின்ன வண்டி, பெரியவர்கள் வரிசையில் நிற்கிற பள்ளிப் பையன் மாதிரி ஊர்ந்தது. கிளட்ச் கல்லாக இருந்தது. திரும்பி நான் ஓட்டிக்கொண்டு வந்ததில் இடது கால் இரவு வரைக்கும் நடுங்கியது.

“இதைப் போய்க் குடும்ப வண்டின்னு வாங்கியிருக்கீங்களே” என்று செல்வியிடம் புலம்பினேன்.

“குடும்ப வண்டின்னுதான் வாங்கினோம் அண்ணே. நாங்க மூணு பேர் மட்டும் தனியா அதுல போனதே கிடையாது. முதல் மழையில தெருவுல இடுப்பளவு தண்ணி. சின்ன காரெல்லாம் நின்னு போச்சு. இது மட்டும் போச்சு. அன்னைக்கே தெருவே இதைத் தத்தெடுத்துக்கிச்சு. கல்யாணப் பொண்ணு இதுல போயிருக்கு, பிரசவத்துக்கு ரெண்டு பேர் போயிருக்காங்க. கடல் பார்க்கப் போகலாம்னு வருஷா வருஷம் பேசுவோம். கிளம்பற அன்னைக்கு யாருக்காவது எதாவது வரும்.”

குறையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது பெருமையாக இருந்தது.

சஷ்டி அன்று காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஜன்னல் கம்பியில் டங் டங் டங் என்று சத்தம். சண்முகம் பாதி சவரத்தில் லுங்கியோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். சத்தத்துக்குக் காரணம் சுபீர்தாவின் குடை. பௌதிக்கு இழுப்பு வந்தால் குடைக் கைப்பிடியால் கம்பியைத் தட்டுவார். பேச்சு கிடையாது, விளக்கம் கிடையாது. நானும் பின்னாலேயே ஓடினேன். ஸ்டூல் போடப்பட்டது, பௌதி முன் சீட்டில் ஏற்றப்பட்டார். உதடு நீலமாக இருந்தது. ஆரஞ்சு விளக்கு அணைகிற அந்தச் சில நொடி, என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நொடிகளைப் பார்த்ததில்லை.

சண்முகம் பெரிய ரோட்டுக்கே போகவில்லை. மீன்கடைச் சந்து, ஒரு குளத்தின் கரை, யார் வீட்டுக் கொல்லையோ என்று புகுந்து புகுந்து போனார். பந்தலுக்காகக் கயிறு கட்டி அடைத்திருந்த இடத்தில் போலீஸ்காரர் வண்டியைப் பார்த்ததுமே கயிற்றை அவிழ்த்தார். ஆஸ்பத்திரியில் ஊசி, மூக்கில் புகை மருந்து. மதியத்துக்குள் பௌதி எழுந்து உட்கார்ந்து, தனக்குப் பசிப்பதாக அறிவித்துவிட்டார். திரும்பும் வழியில் மண்சட்டித் தயிர் வாங்காமல் வண்டியை நகர்த்த விடவில்லை. அந்த இனிப்புத் தயிரை எனக்கும் ஒரு சட்டி கொடுத்தார். நம் ஊர்த் தயிர்சாதத்துக்கு முன்னால் அது பாயசம்தான். ஆனால் குறை சொல்ல வாய் வரவில்லை.

“நாம போயிட்டா இவங்களுக்கு யாரு மாப்ள?” என்று அன்று சாப்பிடும்போது கேட்டேன்.

சண்முகம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “டாக்ஸி ஸ்டாண்டுல ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வரேன்னிருக்கார்.”

“வண்டியை இங்கயே விட்டுடலாம்னேன். கேக்கல” என்றாள் செல்வி.

“விட்டா யார் ஓட்டறது? சுபீர்தாவுக்குக் குடைதான் ஓட்டத் தெரியும்.”

செல்வி சிரிக்கவில்லை. வண்டி போன பிறகு பௌதி என்ன ஆவார் என்ற ஒரே கவலைதான் அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் கவலைப்பட்டேன். தப்பான நாளைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சப்தமி அன்று சாயங்காலம் தெருவையே வண்டியில் ஏற்றிக்கொண்டு பந்தல் பார்க்கக் கிளம்பினோம். சீரங்கத்துச் சொர்க்கவாசல் கூட்டம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அது ஒரு வாசல். இங்கே தெருவுக்குத் தெரு ஒரு வாசல். ஒரு திருப்பத்தில் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொண்டோம். எஞ்சின் சூடேறி, மூடியிலிருந்து ஆவி வந்தது. புதுச்சட்டை போட்ட ஜனங்கள் எங்கள் புகையைத் திட்டிக்கொண்டே கடந்தார்கள். ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னதைத் தேன்மொழி எனக்காக மொழிபெயர்த்தாள்: “பாரு, இவங்க சாமி பார்க்க வந்திருக்காங்க, சமையலறையையும் கூடவே ஓட்டிக்கிட்டு.” கடைசியில் எல்லோரும் இறங்கி நடந்தே பார்த்தோம். பௌதி மட்டும் சுபீர்தாவோடு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். இந்த உயரத்திலிருந்து எல்லாத் தலைகளுக்கும் மேலே சாமி தெரிகிறது, நடக்கிற முட்டாள்களுக்கு என்ன தெரியும் என்றார்.

அஷ்டமியன்று தெருப் பந்தலில் போக் என்கிற பிரசாதமாகக் கிச்சுடி போட்டார்கள். நம் வெண்பொங்கலுக்குத் தூரத்து உறவு. கூடவே கத்தரிக்காய் வறுவல். மிளகு இல்லாத குறையைத் தவிர நன்றாகவே இருந்தது. அங்கேதான் அந்தக் கதையைக் கேட்டேன்.

சண்முகத்தின் அப்பா லாரி வைத்திருந்தவர். அவர்கள் வீட்டு வழக்கம், சரஸ்வதி பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்கிற வரைக்கும் சக்கரம் உருளக்கூடாது. எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. என் வேனை நான் கும்பிட்ட கையோடு எலுமிச்சம்பழத்தில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிவிடுவேன். சண்முகம் கறார். வங்காளிகள் வண்டிக்கெல்லாம் விஸ்வகர்மா பூஜையை முந்தைய மாதமே முடித்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் பூஜையின் உச்சகட்டமான நவமி நாளில் இந்த ஒரு வண்டி மட்டும் ஓய்வெடுப்பது தெருவுக்கு வேடிக்கை. போன வருடம் நவமியன்று பந்தல் சமையலுக்கு கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோய், தெருப் பூஜையை நடத்துகிற கிளப்காரர்கள் வண்டி கேட்டு வந்தார்களாம். “காளிகாட்லேர்ந்து காளியே நடந்து வந்து கேட்டாலும் நாளைக்குக் காலையிலதான்” என்று சண்முகம் தன் அரைகுறை வங்காளத்தில் சொன்னாராம். அதை வருடம் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் சுபீர்தா. இப்போது எனக்கும் நடித்துக் காட்டினார். கையில் இல்லாத சூலத்தோடு காளி, லுங்கியில் சண்முகம். பந்தலே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கழுவினோம். இலிஷ் வாசம் போக நான் சோப்புத்தூளைக் கரைத்து இரண்டு தடவை தேய்த்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்தோம்: பிள்ளைகளின் கிழிந்த பை, யாருடையதோ செருப்பு, பௌதியின் ஸ்டூல். ஸ்டூலைச் சுவர் ஓரமாகச் சாய்த்தேன். சுபீர்தா வாசலில் நின்று, பானெட்டில் சாய வந்த பையன்களை விரட்டிக்கொண்டிருந்தார். “நாளைக்கு அது வண்டி இல்லை, சாமி. விரதம் இருக்கிறது. தொடாதே” என்றார்.

நவமி காலை பூஜை. சந்தனம், குங்குமம், கதம்பத்துக்குப் பதில் அங்கே கிடைக்கிற சாமந்தி மாலை, பொரி, கடலை, சுண்டல். எலுமிச்சம்பழம் பௌதி கொண்டு வந்தார். அவர் மொட்டைமாடித் தொட்டியில் காய்ப்பது. கந்தராஜ லேபு என்பார்கள். நீளமாக, தடித்தோலாக, கையில் எடுத்தாலே வாசம் வீட்டை நிறைக்கும். ஒவ்வொரு வருடமும் நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் அவர் கொடுப்பதுதானாம். தானே குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். எழுந்திருக்கும்போது விசில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

“பந்தல்ல தூபப் புகை அதிகம்” என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே. பிறகு என்னைப் பார்த்து, “திருடா, வண்டியைப் பத்திரமாக ஓட்டு. முன் சீட் என்னுடையது, ஊரில் போய் வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே” என்றார். சுண்டலை ஒரு கிண்ணம் தின்றுவிட்டு இன்னொரு கிண்ணம் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மதியம் சாய்ந்து தாக் மேளம் காது கிழிய ஆரம்பித்தது. உள்ளே சண்முகமும் செல்வியும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மாடி வராந்தாவில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுபீர்தா வந்தார். கையில் குடை. எங்கள் ஜன்னல் பக்கம் வந்தவர், வண்டியின் முன்னால் நின்றார். மாலையைப் பார்த்தார். குனிந்து சக்கரத்தடியைப் பார்த்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டார். பிறகு சுவரோரம் இருந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

பரவாயில்லையே, நம் சாமியை இந்த மனுஷன் என்ன மரியாதையாகக் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். ஸ்டூல் எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. பந்தலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். உள்ளே போய்ச் செல்வியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அவர்கள் வீடு இருட்டாக இருந்ததைப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் பௌதியும் ஊர் சுத்தக் கிளம்பிட்டாங்க போல” என்றாள் அவள்.

தசமி காலை. சண்முகம் குளித்து, வண்டிக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார். நாங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தபோது சுபீர்தா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே ஜிப்பா. ஒரு கையில் ஸ்டூல். கற்பூரம் அணைகிற வரைக்கும் அவர் பேசவில்லை. அணைந்த பிறகு கேட்டார்.

“பூஜை முடிந்ததா? இப்போது வண்டி கேட்கலாமா?”

“என்ன சுபீர்தா, எங்க போகணும்? பௌதி எங்க?” என்றார் சண்முகம்.

“ஆஸ்பத்திரியில். அவளைக் கொண்டுவர வேண்டும். அவள் தங்கை ஹவுராவில் இருக்கிறாள், அவளையும் கூட்டி வர வேண்டும். மார்ச்சுவரிக்காரர்கள் பத்து மணிக்கு மேல் தருகிறேன் என்றார்கள்.”

தேன்மொழி இதை மொழிபெயர்க்கவில்லை. “ஜேட்டிமா” என்று ஒரு சத்தம் மட்டும் போட்டாள். எனக்கு அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை.

அவர் படியில் உட்கார்ந்து சொன்னார். இழுப்பு வந்ததும் வழக்கம்போலக் குடையோடு ஓடி வந்திருக்கிறார். மாலையையும் பழத்தையும் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஸ்டாண்டில் சொல்லி வைத்த டாக்ஸி அன்று பந்தல் சவாரிக்குப் போயிருந்தது. சைக்கிள் ரிக்ஷாவில் ஸ்டூல் போட்டு ஏற்றிப் பெரிய ரோடு வரைக்கும் கொண்டுபோனார். அங்கே ஒரு டாக்ஸி. நான்காவது திருப்பத்தில் கூட்டம். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி இறங்கிக் கெஞ்சினார். அந்த டாக்ஸியைப் போலீஸ்காரருக்குத் தெரியவில்லை.

“ஏன் சுபீர்தா தட்டல? ஒரு தட்டு தட்டியிருந்தா போதுமே” என்று செல்வி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எலுமிச்சம்பழம் என்ன, வீடே பத்தி எரிஞ்சாலும் எடுத்திருப்போமே.”

சுபீர்தாவுக்கு அது உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“உங்கள் சாமி நாள் அல்லவா? நான் எப்படிக் கேட்பேன்? கேட்டால் உங்களுக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அவளும்தான் சொன்னாள், மூச்சு வாங்கிக்கொண்டே: தட்டாதே, அவர்களுக்குச் சங்கடம் என்று.”

சண்முகம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நான் சிலிண்டருக்குச் சொன்னேன்” என்றார். பிறகு மறுபடியும், “சிலிண்டருக்குத்தான் சொன்னேன் சுபீர்தா” என்றார். அந்தப் பெரிய உடம்பு அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சுபீர்தா எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

அவர் கும்பிட்டதை நான் மேலேயிருந்து பார்த்தேன் என்பதைச் சுபீர்தாவிடம் அப்போது சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மேலேயிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். “என்ன சுபீர்தா” என்று சும்மா கேட்டிருந்தால் போதும். அந்த அளவு வங்காளம் எனக்கு அந்த வாரத்தில் வந்திருந்தது.

சண்முகம் ஓட்டுகிற நிலையில் இல்லை, நான்தான் ஓட்டினேன். சுபீர்தா முன் சீட்டில் ஏறவில்லை. ஸ்டூலைப் பின்னால் வைத்துவிட்டுத் தானும் பின்னால் பலகை சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் சாவியைத் திருப்பும்போது கதவைத் திறந்துகொண்டு மறுபடி இறங்கினார். வண்டியைச் சுற்றிவந்து நான்கு சக்கரத்தடியிலும் குனிந்து பார்த்தார். ஒரு பழம் ராத்திரியில் கொஞ்சம் விலகியிருந்தது போல. அதை எடுத்துச் சரியாக டயருக்கு முன்னால் வைத்துவிட்டு, “இப்போது எடுக்கலாம்” என்று குடையால் வழி காட்டினார்.

ஆரஞ்சு விளக்கு அணைந்தது. நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின. அந்த வாசம் திறந்த ஜன்னல் வழியாக வண்டிக்குள் வந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் எங்களோடு இருந்தது.

ஊருக்குக் கிளம்புவதைக் காரியம் முடியும்வரை தள்ளிப்போட்டோம். திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. வருடா வருடம் அவர்கள் பேசிய கடல் இடது பக்கம் அவ்வப்போது தெரிந்தது. மாப்பிள்ளை ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. திருச்சிக்கு வந்ததும் சாவியை என் கையில் கொடுத்து, “நீங்களே வச்சுக்கங்க மச்சான், என்னால இதுல ஏற முடியல” என்று பஸ் பிடித்துத் தூத்துக்குடி போய்விட்டார். ஸ்டூல் பின்னாலேயே இருந்தது. சுபீர்தா எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

இப்போது அந்த வண்டிதான் எங்கள் வீட்டில் தினப்படி வண்டி. இலிஷ் வாசம் போய்விட்டது, கிளட்ச் பழகிவிட்டது, என் மனைவி ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். சரஸ்வதி பூஜைக்கு மாலை போடுகிறேன், பொட்டு வைக்கிறேன். எலுமிச்சை மட்டும் வைப்பதில்லை. வண்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கள் தெருவில் இப்போது எல்லா வீட்டிலும் கார் இருக்கிறது. கேட்டில் சத்தம் கேட்கிறபோதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். சுண்டல் கொடுக்க வந்தவர்களாக இருப்பார்கள். “சும்மாதானே வந்தீங்க? எங்கயும் போக வேண்டியதில்லையே?” என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை வாங்குகிறேன்.